பூஞ்சை இருக்கலாம்

அத்தியாயம் பதினேழு

சென்ற வாரம் ஒடீலியாவை அவளுடைய காருக்குள் விட்டுவிட்டு வந்தோம். பாஸ்டன் மருத்துவமனை வாசலில், வண்டியைக் கிளப்பாமல், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இருக்கையில் அவள் தம்பி மார்சியோ. அவன் வயிற்றில் இருப்பது பூஞ்சை இல்லை, பெருங்குடலில் கட்டி, ஈரலுக்கும் பரவிவிட்டது என்று சற்று முன்புதான் சொல்லியிருந்தார்கள்.

ஒரு வருஷமாக அதைப் பூஞ்சை என்று சொல்லி மாத்திரை கொடுத்தவர் ஒடீலியாவின் மாமனார், டாக்டர் ஜில்பெர்ட்டோ மெதெய்ரோஸ். ஒவ்வொரு தடவையும் அதற்கு இன்சூரன்ஸ் கோடு, அதாவது அந்த நோய்க்குரிய குறியீட்டு எண், போட்டு அனுப்பியவள் ஒடீலியா.

அது வியாழக்கிழமை. இன்று செவ்வாய்.

ஃபால் ரிவர் ஊரில் அன்று காலை மேகம் மூட்டமாக நின்றது. மழையும் பெய்யவில்லை, வெயிலும் வரவில்லை. ஒடீலியா மாடியிலிருந்து இறங்கி வந்தபோது அவள் கணவன் துவார்த்தே சமையலறை மேஜை முன்னால் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கிளினிக்கின் நிர்வாகம் அவன் பொறுப்பு. நிர்வாகிக்கு டை தேவைப்பட்டதே இல்லை.

"டை எதுக்கு? யாராவது செத்துட்டாங்களா?"

"உட்காரு, டீலியா."

"நின்னுக்கிட்டே கேக்கறேன். சொல்லு."

"நேத்து மத்தியானம் வக்கீல் பேசினார்."

"யார்கிட்ட?"

"என்கிட்டயும் அப்பாகிட்டயும்."

"என்கிட்ட பேசலையே."

"அதான் நான் பேசறேன்."

இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு பெண்மணி இன்று கிளினிக்குக்கு வருகிறாள். மாவட்டத்தில் இருக்கும் மற்ற எல்லா கிளினிக்குகளிலும் சேர்த்தால்கூட இல்லாத அளவு குடல் பூஞ்சை நோயாளிகள், கொலம்பியா தெருவில் இருக்கும் இந்த ஒரு கிளினிக்கில் மட்டும் எப்படி என்பது அவர்கள் கேள்வி. இரண்டு மாதம் முன்பே கடிதம் வந்துவிட்டது. டாக்டர் அதைப் படித்துவிட்டு, "பூஞ்சைக்கு நம்ம ஊர் ரொட்டி பிடிச்சிருக்கு போல" என்று சிரித்தார். அப்போது ஒடீலியாவும் சிரித்தாள்.

துவார்த்தே டையைத் தடவிக்கொண்டே சொன்னான். "வக்கீல் சொல்றது இதான். கோடு போட்டவங்க தப்பாப் போட்டுட்டாங்கன்னா அதுக்குப் பேரு பிழை. வாங்கினதைத் திருப்பிக் குடுத்துட்டா முடிஞ்சுது. டாக்டர் சொல்லித்தான் போட்டாங்கன்னா அதுக்குப் பேரு மோசடி. லைசன்ஸ் போயிடும்."

"அப்ப நான்தான் பிழை."

"நீ இல்ல. நீ போட்ட கோடு."

"ரெண்டும் வேற வேறயா?"

"கோடு போடறதுக்கான உன் சர்டிபிகேட்டை ஒரு வருஷம் நிறுத்தி வெப்பாங்க. கூடிப்போனா ரெண்டு வருஷம். மறுபடி பரீட்சை எழுதிக்கலாம். நீதான் முதல் தடவையே பாஸ் பண்ணினவளாச்சே! எழுபத்திமூணு வயசுல அப்பாவை மறுபடி மெடிக்கல் காலேஜுக்கு அனுப்ப முடியுமா?"

அவன் அதை நகைச்சுவையாகச் சொல்ல நினைத்திருக்க வேண்டும். சொல்லி முடித்ததும் அவனுக்கே அது பிடிக்கவில்லை. பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"மார்சியோ?" என்றாள் ஒடீலியா.

"மார்சியோ விஷயம் வேற."

"எப்படி வேற?"

"அவனுக்கு வந்திருக்கறது கேன்சர், டீலியா. அதை உன் கோடும் கொண்டு வரலை, எங்கப்பாவும் கொண்டு வரலை."

அவள் காலணியை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள். தனித்தனி காரில் ஒரே கிளினிக்குக்குப் போனார்கள்.

* * *

வந்த பெண்மணியின் பெயர் மொரீன் ஹாலோரன். வூஸ்டர்காரி. ஐம்பது வயதைத் தாண்டியவள். பழைய நர்ஸ் என்பது அவள் கையைக் கழுவிய விதத்திலேயே தெரிந்தது. வரவேற்பறையில் வைத்திருந்த இனிப்பு ரொட்டியை வேண்டாம் என்றாள். டாக்டர் எழுந்து வந்து கை கொடுத்து, அவளுடைய அம்மா பக்கத்துப் பூர்வீக ஊர் கெர்ரியா கார்க்கா என்று விசாரித்ததற்கு மட்டும், "ரெண்டும் இல்ல, டாக்டர். நாங்க வூஸ்டர்" என்றாள்.

ஒடீலியாவை ஓர் அறைக்குள் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினாள்.

"நீங்க எவ்வளவு காலமா இங்க கோடு போடறீங்க?"

"கல்யாணம் ஆன மறு வருஷத்துல இருந்து."

"மாமனார்கிட்டயே வேலை. வீட்டுல என்னன்னு கூப்பிடுவீங்க?"

"டாக்டர்னுதான்."

"வீட்டுலயுமா?"

"ஊரே அப்படித்தான் கூப்பிடுது. மாத்திக்கோன்னு என்கிட்ட யாரும் சொல்லலை."

ஹாலோரன் கணினியைத் திறந்தாள். பெயர்களை மறைத்துவிட்டு நோயாளிக் குறிப்புகளை ஒவ்வொன்றாக வாசித்தாள். வயிறு உப்புசம், அடிக்கடி வெளியே போகிறது, சோர்வு. கடைசி வரி: குடல் பூஞ்சை இருக்கலாம். அடுத்த நோயாளி. வயிற்று வலி, சாப்பிட்டதும் பொருமல். கடைசி வரி: குடல் பூஞ்சை இருக்கலாம். அதற்கு அடுத்தவர். அதே கடைசி வரி.

"இதுக்கெல்லாம் நீங்க போட்டிருக்கற கோடு?"

"பி முப்பத்தியேழு புள்ளி எண்பத்திரெண்டு."

"அதுக்கு அர்த்தம்?"

"குடல்ல பூஞ்சைத் தொற்று இருக்குன்னு அர்த்தம்."

"இருக்கலாம்னு இல்லையா?"

"இருக்கலாம்னு ஒரு கோடு கிடையாது."

"அப்ப விதிப்படி என்ன போடணும்?"

ஒடீலியாவுக்கு அது பாடம் படித்த முதல் வாரத்திலேயே தெரியும். அந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். வந்து பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிப் போகிற நோயாளிக்கு, டாக்டர் 'இருக்கலாம்' என்றோ 'சந்தேகம்' என்றோ எழுதினால் அந்த நோயைப் போடக்கூடாது. நோயாளி என்ன தொல்லை சொன்னாரோ அதைப் போட வேண்டும். உப்புசம் என்றால் உப்புசம். வலி என்றால் வலி.

ஆரம்பத்தில் அப்படித்தான் போட்டாள். மருந்துக்கும் மலப் பரிசோதனைக்கும் இன்சூரன்ஸ் மறுத்துத் திருப்பி அனுப்பியது. ஒருநாள் மாலை டாக்டர் அவள் மேஜைக்கு வந்து, தோளைத் தட்டி, "மகளே, நான் எழுதறது எனக்கு. நீ போடறது அவங்களுக்கு. நீ 'இருக்கு'ன்னே போடு" என்றார். அவள் தயங்கியதைப் பார்த்துவிட்டு, "ஜனங்களுக்கு மருந்து கிடைக்கணும்ல?" என்றார்.

டாக்டர் எச்சரிக்கையான மனுஷர், அதனால்தான் 'இருக்கலாம்' என்று எழுதுகிறார் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

ஹாலோரன் குறிப்புகளை மேலும் கீழுமாக நகர்த்திக்கொண்டிருந்தாள். "ஒரு இடத்துலகூட அவர் 'இருக்கு'ன்னு எழுதலை, கவனிச்சீங்களா? இவ்வளவு பேர்ல ஒருத்தருக்குக்கூட. அவர் பக்கம் சுத்தமா இருக்கு. மாத்தினது நீங்கதான்னு ஆகுது. இது யாரோட முடிவு?"

ஒடீலியாவுக்கு அப்போதுதான் புரிந்தது. 'இருக்கலாம்' என்ற அந்த ஒரு சொல்லை டாக்டர் இன்றைய தினத்துக்காகவே எழுதி எழுதி வைத்திருக்கிறார். சுவரைக் கட்டி, அவர் உள்ளே இருந்துகொண்டு, அவளை வெளியே நிறுத்தியிருக்கிறார். துவார்த்தேயின் வக்கீல் நேற்றுக் கண்டுபிடித்தது ஒன்றுமே இல்லை. ஆயத்தமாக இருந்ததை எடுத்துக் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

"எனக்குக் கொஞ்ச நேரம் வேணும். வெளில போயிட்டு வரேன்" என்றாள்.

"வக்கீலைக் கூப்பிடப் போறீங்களா? தாராளமா கூப்பிடலாம். அது உங்க உரிமை."

"இல்ல. என் தம்பியைப் பார்க்கணும்."

ஹாலோரன் கண்ணாடியைக் கழற்றினாள். தம்பி யார் என்று கேட்கவில்லை. "போயிட்டு வாங்க. நான் சாண்ட்விச் கொண்டு வந்திருக்கேன்."

* * *

நியூ பெட்ஃபோர்ட் துறைமுகத்தில் மார்சியோவின் படகு மறுநாள் கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தது. சிப்பி அள்ளப் போகிற படகு. பதினாறு வருஷமாக அவன் அதில் போய்க்கொண்டிருந்தான். இந்தத் தடவை அவன் போகவில்லை. தன் சாமான்களை எடுத்துப்போக வந்திருந்தான்.

மேல்தட்டிலிருந்து ஒருவன் கத்தினான். "டேய் பேக்கரி! பூட்ஸை விட்டுட்டுப் போறே!"

"நீயே வெச்சுக்கோடா! உன் கால் நாத்தத்துக்கு அது தேவலை!"

பேக்கரி என்பது அவனுக்கு இந்த ஒரு வருஷத்தில் வந்த பெயர். வயிற்றில் ஈஸ்ட், ரொட்டி மாவைப் பொங்க வைக்கிற அந்தப் பூஞ்சை மாதிரி ஒன்று, இருக்கிறது என்று டாக்டர் சொன்னதாக அவனே படகில் போய்ச் சொல்லிவிட்டான். அதற்கப்புறம் மாவு பொங்குதா, அடுப்பைப் பற்றவைக்கலாமா என்று கேட்காத ஆள் இல்லை. அவனும் கூடச் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். உடம்பு பாதியாகிவிட்டது.

அக்காவைப் பார்த்ததும் கையை ஆட்டினான். இருவரும் அவனுடைய பழைய டிரக்கில் ஏறி உட்கார்ந்தார்கள். கதவைச் சாத்தியதும் மீன் வாடை. அவன் முன்னால் இருந்த காகிதப் பையைப் பிரித்தான். முழு இனிப்பு ரொட்டி.

"ஒரு வருஷமாச்சுக்கா. ரொட்டி கிடையாது, பீர் கிடையாது, சர்க்கரை கிடையாது. பூஞ்சைக்குத் தீனி போடக்கூடாதாம். இப்ப பாஸ்டன்ல என்ன வேணா சாப்பிடுங்கிறான். இந்தா."

பெரிய துண்டாகப் பிய்த்துக் கொடுத்தான். அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டாள்.

"நீ வேலையை விட்டுட்டு இங்க என்ன பண்றே? இன்னிக்குத்தான் அந்த இன்சூரன்ஸ் அம்மா வராங்கன்னு சொன்னே?"

"வந்திருக்கா. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். டாக்டர் உன்னை எப்பவாவது கேமரா வெச்சுப் பார்க்கற டெஸ்டுக்குப் போகச் சொன்னாரா?"

"எனக்கா? ரொட்டி சாப்பிடாதேன்னார். கல்யாணம் பண்ணிக்கோன்னார். வேற ஒண்ணும் சொல்லலை." வாய் நிறைய மென்றான். "உன் மாமனாரை நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்க்கா. வயசானவர். என் கோபமெல்லாம் எமர்ஜென்சியில இருந்தானே, அந்தப் பொடியன் மேலதான். பிப்ரவரியில போனேனே, ஞாபகம் இருக்கா?"

அவளுக்கு ஞாபகம் இருந்தது. இந்தக் கதையை அவன் பல தடவை சொல்லியிருக்கிறான்.

"கரைக்கு வந்ததும் நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன். ரத்தம் ரத்தமாப் போகுதுன்னு சொல்றேன். ஸ்க்ரீனைப் பார்க்கறான், என்னைப் பார்க்கவே இல்லை. உங்களுக்குக் குடல் பூஞ்சைன்னு உறுதியாகியிருக்கே, அதே மாத்திரையைத் தொடருங்க, ரத்தம் மூலத்தால இருக்கும்ங்கறான். மீசைகூட ஒழுங்கா முளைக்கலை. யார்கிட்டயாவது சொல்லி அவன் பேரைக் கண்டுபிடிக்கணும். நேராப் போய் நிக்கணும் அவன் முன்னாடி."

"மார்சியோ."

"என்ன?"

"அவன் ஸ்க்ரீன்ல படிச்சது நான் போட்டது."

அவன் மெல்லுவதை நிறுத்தவில்லை. புரியவில்லை.

"நாங்க போடற கோடு எங்ககிட்டயே இருக்கறதில்லை. ஆஸ்பத்திரிக்கும் தெரியும். உன் பேரைத் தட்டினா உனக்கு என்னென்ன நோய்னு வரிசையா வரும். டாக்டர் பூஞ்சை இருக்கலாம்னுதான் எழுதினார். நான் இருக்குன்னு போட்டேன். அந்தப் பையனுக்குத் தெரிஞ்சது நான் போட்டது மட்டும்தான். அவன் இருக்கலாம்னு பார்த்திருந்தா..." 

இப்போது மெல்லுவது நின்றது.

"ஏன் அப்படிப் போட்டே?"

"அப்படிப் போட்டாத்தான் மருந்துக்கு இன்சூரன்ஸ் ஒத்துக்கும்."

"எனக்காகவா போட்டே, கிளினிக்குக்காகவா?"

"முதல்ல உனக்காகன்னு நினைச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் நினைக்கலை. கை அது பாட்டுக்குப் போட்டுது."

"மாசா மாசம் நான் வந்தேனே. மாசா மாசம் போட்டியா?"

"ஆமா."

"போடும்போது என் பேரைப் பார்த்தே."

"பார்த்தேன்."

"பார்த்துட்டு?"

 மேல்தட்டில் யாரோ சங்கிலியை இழுக்கும் சத்தம் கேட்டது. மார்சியோ மீதி ரொட்டியைக் காகிதத்துக்குள் வைத்து மடித்தான். ஓரங்களை ஒழுங்காக மடித்து, முன்னால் வைத்தான்.

"கோபப்பட எனக்கு ஒரு ஆள் இருந்தான். பேர் தெரியாத பொடியன். சௌகரியமா இருந்துது. ராத்திரி தூக்கம் வராதப்ப அவனைத் திட்டிக்கிட்டே படுத்திருப்பேன். அவனையும் எடுத்துட்டே."

"மார்சியோ, நான் இப்ப போய் அந்த அம்மாகிட்ட எல்லாத்தையும்..."

"என்ன வேணா சொல்லு. சொல்லாம இரு. அது உன் இஷ்டம். ஆனா என் பேரைச் சொல்லி நல்லவளாயிடாதே."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கையில் ரொட்டித்துண்டு நசுங்கியிருந்தது.

"வியாழக்கிழமை நான் வரேன். காலைல வந்து கூட்டிட்டுப் போறேன்." வியாழக்கிழமை பாஸ்டனில் அவனுக்கு முதல் மருந்து ஏற்றுகிறார்கள்.

"வேண்டாம். பஸ் இருக்கு."

"மருந்து ஏத்திட்டுப் பஸ்ல எப்படிடா திரும்புவே?"

"பஸ் திரும்பி வரும்ல, அதுல."

அவன் எட்டி அவள் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டான்.

* * *

கிளினிக்கில் டாக்டரின் அறைக்கு அவள் கதவைத் தட்டாமல் போனது இதுவே முதல் தடவை. அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். திறந்து பார்த்துப் புன்னகைத்தார். ஊரையே வசப்படுத்திய புன்னகை. கடல் கடந்து தீவுகளிலிருந்து ஆலை வேலைக்கு வந்த பெண்களிடம் அவர்கள் தீவுப் பேச்சிலேயே பேசி, அவர்களுடைய பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் பிரசவம் பார்த்த மனுஷர்.

"வா மகளே. தம்பி எப்படி இருக்கான்? நானே போய்ப் பார்க்கணும்னு இருந்தேன்."

"டாக்டர், அவனுக்குப் பூஞ்சை இல்லைன்னு உங்களுக்கு எப்ப சந்தேகம் வந்துது?"

"சந்தேகம் எப்பவும் உண்டு. அதனாலதான் இருக்கலாம்னு எழுதினேன்."

"என்னை இருக்குன்னு போடச் சொன்னீங்க."

"சொன்னேன்." அவர் மறைக்கவில்லை. அறையில் வேறு யாரும் இல்லை. "நீ மாட்டேன்னு சொல்லியிருக்கலாம். உன் வேலை அது. நான் எப்பவாவது உன்னைக் கட்டாயப்படுத்தினேனா? குரலை உயர்த்தினேனா?"

இல்லை. ஒருநாளும் இல்லை. தோளைத் தட்டினார், சிரித்தார். அதுவே போதுமாக இருந்தது. 

"ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கோ" என்றார் டாக்டர். "நான் அவனைக் கைவிடலை. மார்ச் மாசம் வந்தப்ப கேமரா டெஸ்டுக்குப் போன்னு சொன்னேன். மாட்டேன்னு கடலுக்குப் போயிட்டான். குறிப்புல இருக்கு."

"அவனோட குறிப்பெல்லாம் படிச்சுத்தானே டாக்டர் நான் கோடு போட்டேன்? அதுல அப்படி ஒண்ணும் இல்லை."

டாக்டர் மேஜை மேலிருந்த பேனாவை எடுத்துச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார்.

"இப்ப இருக்கு" என்றார்.

அவருடைய குரலில் கொஞ்சம்கூட வெட்கம் இல்லை. களைப்புதான் இருந்தது. அவள் ஏதோ கேட்க வாயெடுப்பதற்குள், "வெளில சின்ன குழந்தை காத்துக்கிட்டு இருக்கு, காய்ச்சல். அனுப்பு மகளே" என்றார்.

அவள் குழந்தையை அனுப்பினாள். பழக்கம்.

* * *

ஹாலோரன் சாப்பிட்டு முடித்து, சாண்ட்விச் சுற்றிய துணியை நாலாக மடித்து வைத்திருந்தாள்.

"சொல்லுங்க. யாரோட முடிவு?"

"டாக்டர் இருக்கலாம்னு எழுதுவார். இருக்குன்னு போடச் சொல்வார். எழுதிக் குடுக்க மாட்டார், வாயால சொல்வார். நான் போட்டேன்."

"தவறுதலாவா?"

"இல்ல. கூடாதுன்னு தெரிஞ்சுதான் போட்டேன்."

ஹாலோரன் விசைப்பலகையிலிருந்து விரலை எடுத்தாள். "தெரிஞ்சுதான்னு எழுதினா அது உங்களுக்கும் பிழையா இருக்காது, புரியுதா? டாக்டரோட நீங்களும் சேர்ந்து நிக்க வேண்டி வரும். இந்த வேலையே உங்களுக்கு இல்லாமப் போகலாம். அதைவிடப் பெரிசாவும் வரலாம்."

"புரியுது. எழுதிக்குங்க."

"ஏன் இப்ப சொல்றீங்க?"

மார்சியோ சொன்னது ஞாபகம் வந்தது. அவன் பெயரை எடுக்காமல் பதில் தேடினாள். "கேட்டீங்க, அதனால" என்றாள்.

ஹாலோரன் தட்டச்சு செய்தாள். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. முடித்துவிட்டுக் கணினியை ஒடீலியாவின் பக்கம் திருப்பினாள்.

"இன்னும் ஒரு கேள்வி இருக்கு. காலைலயே கேட்டிருப்பேன், நீங்க போயிட்டீங்க. இது ஒரு நோயாளியோட மார்ச் மாசக் குறிப்பு. இதுல ஒரு வரி மட்டும் அப்புறமாச் சேர்த்திருக்கு. கேமரா பரிசோதனைக்கு அறிவுறுத்தப்பட்டது, நோயாளி மறுத்துவிட்டார். சேர்த்தது நேத்து சாயங்காலம்."

"டாக்டர் எழுதியிருப்பார்."

"டாக்டர் சொல்ல, எழுதியவர்னு உங்க பேர் இருக்கே."

ஒடீலியா குனிந்து பார்த்தாள். அவள் பெயர்தான். ஒடீலியா மெதெய்ரோஸ். அவளுடைய கணக்கிலிருந்து, அவளுடைய கடவுச்சொல்லைப் போட்டுத் திறந்து எழுதியது. நோயாளியின் பெயர் மறைக்கப்பட்டிருந்தது. ஆனால் பிறந்த தேதி தெரிந்தது. அந்தத் தேதியில் பிறந்த குழந்தையை மருத்துவமனையிலிருந்து அம்மா தூக்கிவந்தபோது, போர்வையை விலக்கி முதலில் பார்த்தவள் அவள்.

நேற்று சாயங்காலம் அவள் கிளினிக்கில் இல்லை. தம்பியின் வீட்டில் அவனுக்குக் கீரை சூப் வைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் எழுதலை."

"உங்க பாஸ்வேர்ட் வேற யாருக்குத் தெரியும்?"

அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவளுக்கும், கிளினிக் கணினிகளுக்கெல்லாம் பாஸ்வேர்ட் அமைத்துக் கொடுத்த நிர்வாகிக்கும்.

வக்கீல் நேற்று மத்தியானம் பேசியிருக்கிறார். சாயங்காலம் அந்த வரி ஏறியிருக்கிறது. காலையில் எழுந்து டை கட்டிக்கொண்டு, சமையலறையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து, மார்சியோ விஷயம் வேற என்று சொல்லியிருக்கிறான். காலையில் அவன் அவளிடம் ஒப்புதல் கேட்கவே இல்லை. தம்பி மேல் பழியைப் போட்டு, அதை அக்காவின் கையாலேயே எழுதி முடித்துவிட்டுத்தான் வந்து பேசியிருக்கிறான்.

கதவு லேசாகத் தட்டப்பட்டது. துவார்த்தே தலையை நீட்டினான்.

"மன்னிக்கணும். இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்னு அப்பா கேக்கறார்."

ஹாலோரன் ஒடீலியாவைப் பார்த்தாள்.

ஒடீலியா நாற்காலியைத் திருப்பிக் கணவனை நேராகப் பார்த்தாள். அவனுடைய கழுத்தில் டையின் முடிச்சு ஒரு பக்கமாக இறங்கியிருந்தது. வேறு ஒரு நாளாக இருந்திருந்தால் எழுந்து சரி செய்திருப்பாள்.

"துவார்த்தே, நேத்து சாயங்காலம் மார்சியோவோட ஃபைலை நீ திறந்தியா?"

அவன் ஹாலோரனைப் பார்த்தான். கணினியைப் பார்த்தான். கடைசியாக மனைவியைப் பார்த்தான். பதினைந்து வருஷமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மார்சியோவோடு ஒரே சோபாவில் உட்கார்ந்து கால்பந்து பார்த்துக் கத்தியவன், தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"எந்த மார்சியோ?" என்றான்.

ஹாலோரன் அதையும் எழுதிக்கொண்டாள்.